கல்லீரல் கெட்டால் வேலையையும் விசாரியுங்கள்

பெருமாநல்லூர் தொடங்கித் திருப்பூர் வரை பனியன் கம்பெனிகளிலும், அவற்றுக்கு வேலை எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகளிலும் உழைக்கும் ஓர் ஆணுக்குக் கண் மஞ்சளாகி வயிறு வீங்கினால், முதலில் எழும் கேள்வி ‘குடிப்பாரா?’ என்பதுதான். ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் விசாரணை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அவர் எந்த மேசையில் நின்றார், எந்தத் திரவத்தைக் கையாண்டார் என்ற கேள்வி எழுவதே அரிது. கல்லீரல் எப்படிக் கெடுகிறது என்பது பற்றி இதுவரை நடந்த ஆராய்ச்சி, இந்த அவசரத் தீர்ப்புக்குத் துணை நிற்கவில்லை. வேலையைக் கேட்காத வைத்தியம் நோயைப் பாதிதான் பார்க்கிறது. நோயாளிக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமையையும் அது கைநழுவ விடுகிறது.

தைத்து முடித்த துணியில் மெஷின் எண்ணெய்க் கறை பட்டால், கரைப்பானைப் பீய்ச்சி அதை எடுப்பார்கள். இந்திய ஆடைத் தொழிலில் இந்த வேலைக்கு நெடுங்காலம் பயன்பட்டது கார்பன் டெட்ராகுளோரைடு. ஆய்வுக்கூடங்களில் எலியின் கல்லீரலைச் சிதைத்து, தழும்பேற வைத்து, நோயின் போக்கைப் படிப்பதற்கு விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திவரும் நச்சும் இதுவே. அதனால் இது செய்யும் கேடு நன்றாகவே தெரியும். கல்லீரல் செல்லில் உள்ள சி.ஒய்.பி. 2இ1 என்ற நொதி இதை உடைக்கும்போது, அருகில் இருப்பதையெல்லாம் தாக்கும் ஒரு நிலையற்ற துணுக்கு பிறக்கிறது. அது செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்க, செல் மடிகிறது. திரும்பத் திரும்ப இது நடந்தால், காயத்தை ஆற்ற முனையும் வேறு வகைச் செல்கள் நாரைக் குவித்துக்கொண்டே போகின்றன. கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் இப்படித்தான் உருவாகிறது.

இது குடியின் கேட்டைக் குறைத்துச் சொல்வதாகச் சிலர் நினைக்கலாம். இல்லை. குடி கல்லீரலை அழிக்கும் பெருங்காரணங்களில் ஒன்று. அதை விட்டே ஆக வேண்டும். ஆனால் தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரலில் அதிகமாக உருவாவதும் கரைப்பானை உடைக்கும் அதே நொதிதான். அதனால் ஒரே கரைப்பான் புகையைச் சுவாசிக்கும் இருவரில் குடிப்பவருக்கே கேடு அதிகம். அவரைக் கரைப்பானிடமிருந்து இன்னும் கவனமாகக் காக்க வேண்டும் என்பதற்கே அது காரணம்; தொழிலிடத்தின் பொறுப்பை அது கழித்துவிடாது. குடியே அறியாத பெண்களுக்கும் கல்லீரல் கெடுகிறது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் வரும் கொழுப்பேற்றம் என்று காரணங்கள் பல. எல்லாவற்றையும் சோதித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

கார்பன் டெட்ராகுளோரைடுதான் நின்றுவிட்டதே என்ற கேள்வி நியாயமானது. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010 தொடக்கத்திலிருந்து இந்தியா அந்தப் பயன்பாட்டைக் கைவிட்டது. ஆனால் அந்த உடன்படிக்கை ஓசோன் படலத்தைக் காக்க வந்தது. தொழிலாளியின் கல்லீரல் அதன் கணக்கிலேயே இல்லை. மாற்றாக வரக்கூடிய டிரைகுளோரோஎத்திலீனும் கல்லீரலைத் தாக்கும் பொருள்தான். அதை 2012-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. குளோரின் இல்லாத கரைப்பான் என்றாலும் நம்பிவிட முடியாது. அமெரிக்காவில் துணிக்குப் பூச்சு பூசும் ஓர் ஆலையில் ஒரு தொழிலாளியின் ரத்தப் பரிசோதனையில் தொடங்கிய ஆய்வு 1988-இல் வெளியானது. அங்கே டைமெத்தில்ஃபார்மமைடு புழங்கிய உற்பத்திப் பிரிவில் 46 பேரில் 35 பேருக்குக் கல்லீரல் நொதி உயர்ந்திருந்தது. மற்றப் பிரிவுகளின் 12 பேரில் ஒருவருக்கு மட்டுமே. வேலைமுறையை மாற்றி, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை அங்கிருந்து விலக்கிய பிறகு பெரும்பாலோருக்கு நிலைமை சீரடைந்தது.

ஒருவரின் கல்லீரல் வேலையால்தான் கெட்டது என்று எப்படி நிரூபிப்பது? இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ‘நச்சுப் பொருளால் வரும் காமாலை’, மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. குளோரின் போன்றவை சேர்ந்த ஹைட்ரோகார்பன்களால் வரும் நோய்கள் இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் இருந்தன; அதற்குப் பதிலாக வந்த 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் உள்ளன. அத்தகைய வேலையில் குறிப்பிட்ட காலம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை அது வேலையால் வந்ததாகவே கருதப்படும்; இழப்பீட்டுப் பலன்களும் உண்டு. ஆனால் மருத்துவச் சீட்டில் வேலை பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் இந்தப் பாதுகாப்பைக் கோருவதற்குப் பிடிமானமே இருக்காது.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவானது. டிரம்மில் ஒட்டியுள்ள பெயரைச் செல்போனில் படமெடுத்து வையுங்கள். பெயரே இல்லாத திரவத்தைத் தொடாதீர்கள். உடல்நலம் தொடர்பான விவரங்களை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. மருத்துவரிடம் வேலையையும் திரவத்தின் பெயரையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எஸ்.ஜி.பி.டி. உள்ளிட்ட கல்லீரல் பரிசோதனையோடு ஹெபடைடிஸ் பி, சி சோதனையும் செய்துகொள்ளுங்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அந்த வைரஸ்களுக்கான சோதனையும் மருந்தும் இலவசம். காமாலைக்குக் கீழாநெல்லி குடித்துவிட்டு மறுநாளே அதே மேசைக்குத் திரும்பினால், காரணம் அப்படியே இருக்கும். பாதுகாப்பில்லாத இடத்தைப் பற்றித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் புகார் செய்யலாம்.

இதெல்லாம் செலவு, ஆர்டர் போய்விடும் என்று முதலாளிகள் அஞ்சலாம். ஆனால் வெளிநாட்டு வாங்குவோர் பலர் பின்பற்றும் தடைப்பட்டியல்கள் குளோரின் கரைப்பான்களை ஏற்கெனவே கட்டுப்படுத்துகின்றன. கறை மேசைக்கு அருகிலேயே புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பும், நச்சு குறைந்த மாற்றும், ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு கம்பெனியைச் சாய்த்துவிடாது. வேலை எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகளுக்கும் இதே விதி பொருந்துமாறு பெரிய கம்பெனிகளே பார்த்துக்கொள்ள வேண்டும். மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் 1970-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்த ஊர் பெருமாநல்லூர். உரிமை கேட்பது இங்கே புதிதல்ல. ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்கட்டும். கேட்காவிட்டால் தொழிலாளியே முந்திக்கொண்டு சொல்லட்டும்.