மாற்று இணைப்புள்ள வலையமைப்பில் நிலை வழிப்படுத்தலும் இயங்கு வழிப்படுத்தலும்

வழிப்படுத்தல் என்பது ஒரு தரவுப் பொதி எந்தப் பாதையில் செல்ல வேண்டும் என்பதை ரூட்டர் எனப்படும் திசைவி முடிவு செய்வதாகும். பாதைகளை நிர்வாகியே திசைவியில் எழுதிவைப்பது நிலை வழிப்படுத்தல். திசைவிகள் தமக்குள் செய்தி பரிமாறிப் பாதைகளைக் கண்டறிவது இயங்கு வழிப்படுத்தல். ஓர் இணைப்பு அறுந்தால் இன்னொன்று கைகொடுக்க வேண்டும் என்று இரண்டு இணைப்புகளை அமைத்தால் மட்டும் போதாது. முதலாவது அறுந்ததைத் திசைவி அறிய வேண்டும். எந்த முறை பொருத்தமானது என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

நிலை வழிப்படுத்தல்

தலைமை அலுவலகத்தையும் கிளையையும் ஓர் ஒளியிழையும் ஒரு வானலை இணைப்பும் இணைப்பதாகக் கொள்வோம். முதன்மைப் பாதை ஒளியிழை வழியாகவும், மாற்றுப்பாதை வானலை வழியாகவும் எழுதப்படும். சிஸ்கோ திசைவிகளில் நிலைப் பாதையின் நிர்வாகத் தொலைவு இயல்பாக 1. மாற்றுப்பாதைக்கு 200 எனக் கொடுத்தால், முதன்மைப் பாதை நீங்கும்போது மட்டுமே அது பயன்படும். இது மிதக்கும் நிலைப் பாதை எனப்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திசைவியின் இடைமுகம் செயலிழந்தால்தான் முதன்மைப் பாதை நீங்கும். திசைவிக்கும் ஒளியிழைக்கும் நடுவே ஒரு சுவிட்ச் இருந்தால், தொலைவில் இழை அறுந்தாலும் இடைமுகம் இயங்கிக்கொண்டே இருக்கும். பொதிகள் அதே பாதையில் சென்று தொலையும். வானலை இணைப்பு சும்மா கிடக்கும். ஒளியிழையின் மறுமுனை முகவரியைப் பிங் மூலம் தொடர்ந்து சோதித்து, பதில் வராவிட்டால் பாதையை நீக்கும் கண்காணிப்பு இதற்குத் தீர்வாகும். இதை இரு முனைகளிலும் அமைக்க வேண்டும். இல்லையேல் பதில் பொதிகள் பழைய பாதையிலேயே அனுப்பப்பட்டுத் தொலையும்.

இயங்கு வழிப்படுத்தல்

ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் ஈதர்நெட் வழி இணைந்த திசைவிகள் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை ஹலோ செய்தி அனுப்பும். 40 விநாடிகள் செய்தி வராவிட்டால் அந்த அண்டைத் திசைவியைக் கைவிட்டு வேறு பாதையைக் கணக்கிடும். நடுவில் சுவிட்ச் இருந்தாலும் இது செயற்படும். பிஎஃப்டி நெறிமுறையைச் சேர்த்தால் ஒரு விநாடிக்குள்ளேயே துண்டிப்பை அறியலாம். பழைய ரிப் நெறிமுறையிலோ ஒரு பாதை காலாவதியாக 180 விநாடிகள் ஆகும்.

இயங்கு நெறிமுறைகளுக்குத் திசைவியின் நினைவகமும் செயலியும் கூடுதலாகச் செலவாகும். பொய்யான பாதைகள் புகாமல் இருக்க, அண்டைத் திசைவிகளுக்கிடையே கடவுச்சொல் சரிபார்ப்பும் தேவை.

தேர்வு

* ஒரே வெளிவழி உள்ள கிளைக்கு நிலைப் பாதை போதும். வேறு வழி இல்லாத இடத்தில் இயங்கு நெறிமுறை தேர்ந்தெடுக்க ஏதுமில்லை.
* இரு திசைவிகள், இரு இணைப்புகள் எனில், கண்காணிப்புடன் கூடிய மிதக்கும் நிலைப் பாதை பொருந்தும்.
* தலா ஒரு வலையமைப்பு கொண்ட 10 இடங்கள் எனில், ஒவ்வொரு திசைவியிலும் 9 பாதைகளும் 9 மாற்றுப்பாதைகளுமாக மொத்தம் 180 வரிகள் எழுத வேண்டும். இங்கு ஓஎஸ்பிஎஃப் ஏற்றது.
* உள்ளே ஓஎஸ்பிஎஃப், இணையச் சேவையாளரை நோக்கி ஒரு நிலைப் பாதை என இரண்டையும் கலந்தும் அமைக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் சோதித்துப் பார்ப்பது அவசியம். திசைவியிலிருந்து கம்பியைப் பிடுங்கிப் பார்த்தால் இடைமுகமே செயலிழந்துவிடும். மேற்கூறிய சிக்கல் வெளிப்படாது. சுவிட்சுக்கு அப்பால் இணைப்பைத் துண்டித்துச் சோதிக்க வேண்டும்.