கடற்கரையில் உலோகம் தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது

இங்கிலாந்தின் கடற்கரைகளில், குளிக்க வந்தவர்கள் கலைந்து போன பிறகு, சிலர் நீண்ட கைபிடியின் நுனியில் வட்டத் தட்டொன்று பொருத்திய கருவியை இடமும் வலமும் அசைத்தபடி மெதுவாக நடப்பதைக் காணலாம். காதில் ஒலி கேட்டதும் குனிந்து தோண்டுவார்கள். உலோகங்காண் கருவியோடு அலைவது அங்கே பலருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. அங்கு குடியேறிய எம்மவரும் இதில் ஆர்வம் கொள்ளலாம். ஊருக்கு வரும்போது ஒன்றைக் கொண்டுவரவும் எண்ணலாம். ஆகவே இதைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கருவியின் தத்துவம் எளிது. தட்டினுள் உள்ள கம்பிச் சுருள் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அருகில் உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் தூண்டப்பட்டுப் புலம் மாறும். அந்த மாற்றமே ஒலியாகக் கேட்கிறது. தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல், 1881 இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் குண்டைத் தேட இத்தகைய கருவி ஒன்றைப் பயன்படுத்தினார், வெற்றி கிட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து அதிகாரி யோசெப் கொசாக்கி வடிவமைத்த கருவி 1942 இல் எல் அலமைன் போர்க்களத்தில் கண்ணிவெடிகளைத் தேட உதவியது. பின்னால் வரும் விடயத்துக்கு இது தேவை என்பதால் சொல்லி வைக்கிறேன்.

கடற்கரையில் பெரிய தொல்லை உப்பு. ஈர உப்புமணல் தானே மின்னைக் கடத்துவதால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான கருவி அங்கே ஓயாது கத்தும். உலர்ந்த மணலில் அது போதும். நீரோரத்துக்குப் பல அதிர்வெண்களில் இயங்குவதோ துடிப்பு முறையில் இயங்குவதோ வேண்டும். புல்மோட்டைப் பக்கத்துக் கருமணல் போன்ற கனிம மணலும் கருவியைக் குழப்பும். தட்டை நிலத்துக்குச் சமாந்தரமாக, ஒட்டினாற்போல் வைத்து, ஒவ்வொரு வீச்சும் முந்தியதைச் சற்று மேவும்படி அசைக்க வேண்டும். துளையிட்ட அள்ளியால் மணலை வாரி அரித்தால் பொருள் தங்கும்.

தேடுவதற்கு நல்ல நேரம் கடல் வற்றிய வேளை, அதிலும் புயல் மணலை அரித்துச் சென்ற மறுநாள். குளிர்நீரில் விரல் சுருங்குவதால் மோதிரங்கள் நழுவி விழுகின்றன. ஆனால் குளிர்பான ரின்களின் அலுமினிய வளையமும் பொன் மோதிரமும் பெரும்பாலும் ஒரே மாதிரி ஒலிப்பதால், ஒரு மோதிரத்துக்காக நூறு வளையங்களைத் தோண்ட நேரிடலாம். தோண்டிய குழியை மூடுவதும் குப்பையை எடுத்துச் செல்வதும் அங்குள்ள மரியாதை.

இனி அனுமதி. கடற்கரை யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைப்பது பிழை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் பெருக்குக் கோட்டுக்கும் வற்றுக் கோட்டுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறக்குறைய அரைவாசி முடிக்குரிய சொத்து நிர்வாகத்தின் கையில் உள்ளது. அது தனி அனுமதிச் சீட்டின்றித் தேட இடமளிக்கிறது. ஏனைய கரைகள் உள்ளூராட்சி மன்றங்களுக்கோ, துறைமுகங்களுக்கோ, பாதுகாப்பு அமைச்சுக்கோ, தனியாருக்கோ உரியவை. அவரவரைக் கேட்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றிக் கருவி பயன்படுத்துவது 1979 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1996 ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருட்கள் போன்றவற்றை 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். உடைந்த கப்பலின் பொருள் என்றால் அதற்குரிய அதிகாரிக்கு 28 நாட்களுக்குள். நேற்று ஒருவர் தொலைத்த மோதிரமோ புதையலே அல்ல. உரியவரைத் தேட முயலாமல் வைத்துக்கொண்டால் அது களவாகக் கொள்ளப்படலாம். கடலுக்கு அப்பால் அயர்லாந்துக் குடியரசில் தொல்பொருள் தேடக் கருவி எடுக்கவே உரிமம் வேண்டும்.

எமது கரைக்கு வருவோம். இங்கு வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீற்றரும் மாறுவதில்லை. ஆகவே அங்குள்ளதுபோல் பரந்த வற்றுக்கரை இங்கே கிடையாது. அது சிறிய வேறுபாடு. சட்டம் பெரிய வேறுபாடு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது. காணிச் சொந்தக்காரர் என்பதற்காக ஒருவர் உரிமை கோர முடியாது. தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி தேவை. இக்கருவியுடன் புதையல் தேடியவர்களைப் பொலிசார் கைது செய்யும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. ‘சும்மா விளையாட்டுக்குத் தேடினோம்’ என்ற பதிலை நம்பிக் கரைக்கு இறங்குவது புத்தியல்ல.

சட்டத்தைவிட முன்னிற்பது உயிர். வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்து மிதிவெடிகளை அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது; 2017 இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. இங்கு புதைக்கப்பட்டவற்றுள் பிளாஸ்ரிக் உறை கொண்ட, மிகக் குறைந்த உலோகமுள்ள வகைகளும் உண்டு. பொழுதுபோக்குக் கருவி அவற்றைத் தவறவிடலாம். ஒலித்தாலும் ரின் மூடியா வெடியா என்று பிரித்துச் சொல்லாது. பயிற்சி பெற்ற வெடியகற்றுநர் பாதுகாப்புக் கவசம் அணிந்து, முழந்தாளிட்டுப் பக்கவாட்டில் இருந்து மண்ணைச் சிறிது சிறிதாக விலக்குகிறார். பொழுதுபோக்காளரோ ஒலி கேட்ட இடத்தில் மேலிருந்து குத்தித் தோண்டுகிறார். ஒலி கேட்கும் இடத்தில் குத்துவதே ஆபத்து. காற்றும் மாரி வெள்ளமும் மணலை இடம் மாற்றும் மணற்றிட்டிகளில் இன்னும் கவனம் தேவை.

2004 மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அள்ளிச் சென்ற தாலிகளும், 2009 இல் முல்லைத்தீவுக் கரையில் கைவிடப்பட்ட உடைமைகளும் எமது மணலில் கிடக்கலாம். அவற்றைப் புதையல் என்று அழைக்க எனக்கு மனம் வராது.

ஆகவே வெளிநாட்டில் ஆர்வமுள்ளவர் அங்குள்ள விதிப்படி அங்கேயே தேடட்டும். கருவியை இங்கே கொண்டுவர வேண்டாம். கரைவலை இழுக்கும்போதோ கிணறு வெட்டும்போதோ சந்தேகமான பொருள் தென்பட்டால் தொட வேண்டாம். வந்த வழியே திரும்பி, பிள்ளைகளை விலக்கி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பழைய காசு தானாக வெளிப்பட்டால் கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். ‘சேது’ என்று பொறித்த யாழ்ப்பாண அரசர் காலத்துச் செப்புக்காசாகவும் அது இருக்கலாம். புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், எழுத்துத் தேய்ந்து போகும்.