முறைத் தண்ணீரும் முறை வைத்த பொழுதும்

மாண்டியா ஜில்லாவில் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாய்களில் ஓடி, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் இயந்திரங்களால் ஏற்றப்பட்டுப் பெங்களூருக்கு வந்து சேரும் காவேரி ஜலம், பல பேட்டைகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் சில மணி நேரமே திறந்துவிடப்படுவதால், சம்ப் என்னும் தரையடித் தொட்டி நிரம்பியதா என்று பார்ப்பது முதல் துணி துவைப்பது, மாவு அரைப்பது, வீடு கழுவுவது வரையிலான சகல காரியங்களையும் அந்த நேரத்தை அனுசரித்தே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் சமையலறைக் காலண்டரைப் பார்த்தால் இது விளங்கும். தண்ணீர் நாட்களைச் சுற்றிப் பேனாவால் வட்டம்; காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி ஒரு மூலையில்; பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி; பள்ளிச் சம்பளம் கட்டவேண்டிய தேதியின் கீழ் இரட்டைக் கோடு. கால நிர்வாகம் என்று இன்று புத்தகம் புத்தகமாக எழுதப்படும் சாஸ்திரத்தின் சாரம் அந்தத் தாளில் அடங்கியிருக்கிறது.

வேலை மிகுதியால் உண்டாகும் களைப்பு பெரும்பாலும் ஒரு ராத்திரி தூக்கத்தில் தீர்ந்துவிடும். தூக்கத்தையே கெடுப்பது, எப்போது செய்வது என்று நிச்சயிக்கப்படாமல் மனத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் காரியம். மாஸிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் இரு மனோதத்துவ அறிஞர்கள் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முடியாத காரியம் மனத்தை அலைக்கழிப்பதும், அதை எப்போது எவ்வாறு செய்வது என்று தீர்மானித்த மாத்திரத்தில், அது இன்னும் முடியாதிருந்தபோதிலும், அந்த அலைக்கழிப்பு அடங்குவதும் காணப்பட்டன. காலண்டரில் வட்டம் போட்டவுடன் நெஞ்சுப் பாரம் குறைவதன் காரணம் இதுவே என்று நான் நினைக்கிறேன்.

காரியங்களுக்கு இவ்விதம் நேரம் குறிக்கும் கிரமத்தைத் தம் தொழிலிலும் வாழ்விலும் ஒருங்கே அனுஷ்டித்தவர், நூறு வயது கடந்து 1962-ல் இந்நகரிலேயே காலமான இன்ஜினீயர் ஸர் எம். விசுவேசுவரய்யா. ஏழ்மையினால், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டே பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்து 1881-ல் பி.ஏ. தேறிய அவருக்கு, பொழுதைப் பங்கிடும் அவசியம் இளமையிலேயே நேர்ந்துவிட்டது. 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்த காலத்தில் மைசூர் பாங்கும் மைசூர் சர்வகலாசாலையும் தோன்றின. காவேரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர அணையும் எழுந்துகொண்டிருந்தது. ஆயினும் பொழுதைப் பற்றி அவரிடம் நாம் கற்க வேண்டியதை, அதற்கு முன்பே பம்பாய் ராஜதானியில் அவர் செய்த ஒரு காரியத்தில்தான் காண்கிறேன்.

பூனாவை அடுத்த நீரா கால்வாயில், தண்ணீர் கைக்கெட்டிய இடத்தில் கரும்பு பயிரிட்டவர்கள் வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விசுவேசுவரய்யா ஆயக்கட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் நீர் விடும் முறையை வகுத்து, கரும்பு போன்ற நீர்ப்பசி மிகுந்த பயிர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் மட்டும் நிற்க, மற்றவற்றில் குறைந்த நீரில் விளைவன மாறி மாறி வரும்படி செய்தார். முதலில் எதிர்ப்பும் சந்தேகமும் இருந்தன. பிறகு திட்டம் நிலைத்தது. தஞ்சைச் சீமையில் முறைத் தண்ணீர் என்று சொல்வார்களே, அதைப் போன்றதுதான் இது. பொழுதையும் அப்படி முறை வைத்தே பாய்ச்ச வேண்டும். தலைமடையிலுள்ள அவசரங்கள், அதாவது ஓயாமல் ஒலிக்கும் போனும், ஆபீசில் உடனே கேட்கும் கணக்கும், வந்த நீரையெல்லாம் குடித்துவிட்டால், கடைமடையில் கிடக்கும் படிப்பும் தேகப்பயிற்சியும் வயதான பெற்றோருடன் பேசும் பேச்சும் ஒருநாளும் நனைவதில்லை. ஆகையால் அவசரங்களுக்கு இவ்வளவு நேரந்தான் என்று மடையை அடைக்கிற தைரியம் வேண்டும்.

ஆனால் திவானுக்குச் சமையலும் துணியும் பணியாட்களின் பொறுப்பு. அல்சூர்ப் பெண்மணிக்கு அவை சொந்தப் பொறுப்பு. 2019-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டார்கள். சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசலில் தேங்கி நின்று வீடு திரும்பும் மனைவிக்கு, அட்டவணை போட்டுக்கொள் என்று உபதேசிப்பது எனக்குச் சம்மதமில்லை. காலண்டரில் ஒவ்வொரு காரியத்தின் பக்கத்திலும் அதைச் செய்கிறவர் பெயரையும் எழுதுங்கள். சம்ப் பார்ப்பது கணவர், பிள்ளையின் டிபன் டப்பா கழுவுவது பிள்ளை, மருந்துக்கடைக்குப் போவது மாமனார் என்று எழுதிவிட்டால், ஞாபகம் வைத்துக்கொள்ளும் சிரமமும் பங்காகிறது. மற்றவர்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பதுதான் வேலையிலெல்லாம் பெரிய வேலை.

இவ்வளவு செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாட்டில் விருப்பமில்லாமல், காரணமின்றிப் படபடப்பு தொடருமானால், அட்டவணை அதற்கு மருந்தாகாது. இந்நகரத்து நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியைத் தலைமை மையமாகக் கொண்டு 2022-ல் துவங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்யலாம்; இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். காலண்டரின் மேல் ஓரத்தில் அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.