வெள்ளியும் வியாழனும்

மார்கழி விடியலில் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, ஆண்டாள் சந்நிதியில் திருப்பாவை சேவிக்கப்படுவதைக் கேட்கிறவர்கள், பதின்மூன்றாம் பாசுரத்தில் வெள்ளி உதித்ததும் வியாழன் அஸ்தமித்ததும் பொழுது புலர்ந்ததற்கு அடையாளமாகச் சொல்லப்படுவதை அறிவார்கள். பக்தருக்கு அது தூங்கும் தோழியை எழுப்பும் வார்த்தை. சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ்ப் பேரகராதிப் பணியில் இருந்த மு. இராகவையங்காருக்கோ அதுவே கால நிர்ணயத்துக்கு ஒரு சாட்சியமாயிற்று. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி அவ்விரு கிரகங்களும் அவ்வாறு நின்ற வருஷத்தைத் தேடி, ‘ஆழ்வார்கள் காலநிலை’ என்னும் நூலில் அவர் கண்ட முடிவு கி.பி. 731.

வெள்ளி சூரியனை விட்டுச் சுமார் 47 பாகைக்கு மேல் விலகுவதில்லையாதலால், அது கீழ்வானில் எழும் வேளையில் வியாழன் மேல்வானில் மறைய வேண்டுமானால், அது சூரியனுக்கு வெகுதூரம் எதிர்ப்புறத்தில் இருந்தாக வேண்டும். ஆயினும் எட்டு வருஷத்துக்கொருமுறை ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்பும் வெள்ளியும், பன்னிரண்டு வருஷத்தில் ராசிச் சக்கரத்தைச் சுற்றிவரும் வியாழனும் இத்தகைய காட்சியைப் பல நூற்றாண்டுகளில் பலமுறை தந்திருக்கக்கூடும். வேறு வருஷங்களைச் சொல்லும் அறிஞர்கள் இருப்பதில் வியப்பில்லை. எனக்கு அவர் கண்ட விடையைக் காட்டிலும், பாசுரத்தை வானத்தோடு ஒத்துப் பார்க்கலாம் என்று ஒரு வைணவப் பண்டிதர் துணிந்ததே பெரிதாகத் தோன்றுகிறது.

ஐரோப்பாவின் விஞ்ஞானப் புரட்சியிலும் சாட்சி சொன்னவை இதே இரண்டு கிரகங்கள்தாம். பாதுவா சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராக இருந்த கலிலியோ, 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரன்களைத் தம் தொலைநோக்கியில் கண்டார். அவ்வாண்டின் இறுதிக்குள், வெள்ளியும் நம் சந்திரனைப் போலவே தேய்ந்து வளர்வதைக் கண்டு, அது சூரியனைச் சுற்றுகிறது என்று தெளிந்தார். அந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைக்க மறுத்தவர்களில் புகழ்பெற்றவர் பாதிரியார் ஒருவர் என்று நாம் எண்ணுவோம். அவரோ அதே சர்வகலாசாலையின் தத்துவப் பேராசிரியர் கிரெமோனினி! ஈஸ்டர் திருநாள் பருவம் தவறிப் போவதைத் தடுக்க 1582-இல் பஞ்சாங்கத்தைத் திருத்திய கிளாவியுஸ் முதலான ரோமாபுரி யேசு சபைக் குருமார்களோ, 1611-இல் தாங்களே வானத்தைப் பார்த்து அக்காட்சிகள் மெய்யென்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு 1633-இல் அந்தத் திருச்சபையே கலிலியோவைத் தண்டித்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. குருவாகும் நோக்கத்தோடு டூபிங்கன் சர்வகலாசாலையில் தேவசாஸ்திரம் கற்ற கெப்ளர், கிரகங்களின் பாதை நீள்வட்டம் என்று 1609-இல் வெளியிட்டார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வானத்தை இன்று நாம் திரும்பக் கணிப்பது அந்த விதியின் வழியே வந்த கணிதத்தால்தான்.

கணிதம் சொல்லும் அஸ்தமனம் சமநிலத்து அடிவானத்துக்கு உரியது. இராஜபாளையத்து மேற்கில் அடிவானம் ஏது? மலைத்தொடர் அல்லவா நிற்கிறது! முகடு ஒரு பாகை உயர்ந்திருந்தால், கிரகம் சுமார் நான்கு நிமிஷம் முந்தியே மறைந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகப் பாவித்த ஆண்டாள் கண்டதும் அந்த மலைக்குப் பின்னே இறங்கிய வியாழனாகத்தான் இருந்திருக்கும்.