ஒற்றைச் சவாரிக்கு உற்ற துணை

செம்பூரிலிருந்து தென் மும்பைக்கு மோட்டார் காரில் செல்லும் கனவான், 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட கிழக்கு ஃப்ரீவேயில் ஏறிவிட்டாரானால் சிக்னல் எதற்கும் நில்லாமல் போய்ச் சேர்ந்துவிடலாம். அதே செம்பூரிலிருந்து அதே இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுபவருக்கோ அந்தப் பாதையில் பிரவேசம் இல்லை. பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்திலும் அவருக்கு இடமில்லை; 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேதுவிலும் இல்லை; புணே செல்லும் எக்ஸ்பிரஸ்வேயிலும் இல்லை. வேகம் மிகுந்த பாதைகளில் இருசக்கர வாகனம் அபாயத்துக்கு உள்ளாகும் என்ற காரணம் நியாயமானதே என்று வைத்துக்கொண்டாலும், அதன் பலனாக, லாரியும் டாங்கரும் பெஸ்ட் பஸ்ஸும் நெருக்கியடித்துச் செல்லும் பழைய சாலைகளே, தலைக்கு மேல் கூரையும் சுற்றிலும் தகடும் இல்லாத பிரயாணிக்கு விதிக்கப்பட்டிருக்கின்றன.

அந்தப் பிரயாணி நமக்கு அந்நியர் அல்லர். தாராவித் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உணவுப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு மாட்டுங்காவின் மாடி வீடுகளுக்கு நள்ளிரவு வரை ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர் அவர். செம்பூரிலிருந்து விடியுமுன் கிளம்பி ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளியும் அவரே. பொங்கலுக்கு ரயிலில் இடம் கிடைக்காமல், புணே, கொல்ஹாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி என்று ஊர்களை எண்ணிக்கொண்டே திருநெல்வேலிக்குத் தன்னந்தனியாக வண்டியை விடும் துணிச்சல்காரரும் அவரே. வழியில் ஓர் அசம்பாவிதம் நேர்ந்தால் வீட்டுக்குச் செய்தி சொல்ல உடன் ஒருவர் இல்லை என்பது இம்மூவருக்கும் பொதுவான நிலை.

ஆகையால், தனியாகச் செல்பவரின் பாதுகாப்பு உபகரணங்களுக்கு இரண்டு கடமைகள் உண்டு. விழுகின்ற அந்தக் கணத்தில் உடலைக் காப்பது முதலாவது. விழுந்த பிறகு, அவர் வாய் திறந்து பேச இயலாத வேளையில், முன்பின் அறியாத மனிதர்களிடம் அவருக்காகப் பேசுவது இரண்டாவது. முதற் கடமைக்கு உரிய சாமான்களைக் கடைகள் ஆரவாரமாக விற்கின்றன. இரண்டாவதற்கு உரியவை பெரும்பாலும் செலவே இல்லாதவை என்பதாலோ என்னவோ, அவற்றைப் பற்றி நினைப்பாரே அரிதாக இருக்கின்றனர்.

தலை தப்பினால்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் மாண்டவர்கள் மட்டும் 50,029 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு.

தலைக்கவசத்தின் சரித்திரமே ஒரு தனிச் சவாரிக்காரரின் மரணத்தோடு சம்பந்தப்பட்டது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ், 1935 மே 13ஆம் தேதி இங்கிலாந்தின் டார்செட் பிரதேசத்தில் தமது பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் தனியாக வரும்போது, எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். நினைவு திரும்பாமலே ஆறு நாள் கிடந்து இறந்துபோனார். அவருக்குச் சிகிச்சை செய்ய அழைக்கப்பட்டவர்களில் ஒருவரான மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களைச் சிரத்தையுடன் ஆராய்ந்து 1941இல் வெளியிட்ட கட்டுரையே, பிரிட்டிஷ் ராணுவத்தில் செய்தி கொண்டு ஓடும் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாவதற்கு வழிகோலிற்று. அதே நாட்டின் பொதுமக்களுக்கு அது சட்டமாவதற்கு 1973 வரை காலம் பிடித்தது என்பதிலிருந்து, மனித சுபாவம் எங்கும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ளலாம்.

நம் தேசத்தில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது; 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அதை மீறுபவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் இழக்கும் தண்டனையையும் விதித்தது. 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசத்தைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆயினும், போலீஸ்காரரின் கண்ணுக்காக வாங்கப்பட்டு, நடைபாதையில் குவித்து விற்கப்படும் தொப்பிகள் இன்றும் குறைந்தபாடில்லை.

தலைக்கவசத்தைக் கையில் எடுத்து உட்புறம் பாருங்கள். வெளி ஓடு பளபளப்பது அழகுக்கு. உயிரைக் காப்பது, துணிக்கு அடியில் மறைந்திருக்கும், தெர்மாகோல் என்று நாம் வழங்கும் அந்த வெண்ணுரைப் பலகைதான். மோதும் வேகத்தைத் தான் நசுங்கி வாங்கிக்கொண்டு மூளைக்குச் செல்லும் அதிர்ச்சியைக் குறைப்பது அதன் வேலை. ஒருமுறை நசுங்கியது மறுபடி எழும்பாதாகையால், விபத்தில் அடிபட்ட தலைக்கவசம் வெளிப்பார்வைக்குக் கீறலின்றி இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. நுரையே இல்லாமல் பஞ்சு வைத்துத் தைத்தது தலைக்கவசமே ஆகாது. அணிந்து, நாடாவை மாட்டிக்கொண்டு, பின்புறத்து விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி முன்னால் தள்ளிப் பார்த்தால், கழன்று வருவது உங்கள் தலைக்கு உரியது அன்று. விபத்துகளில் தலைக்கவசத்தின் மீது விழும் அடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முகவாய்ப் பகுதியில் விழுவதாக ஜெர்மானிய ஆராய்ச்சி ஒன்று காட்டுகிறபடியால், உச்சந்தலையை மட்டும் மூடுவதைக் காட்டிலும் தாடை வரை மூடுவதே உத்தமம். நாடா மாட்டாத தலைக்கவசமோ, தலை தரையைத் தொடுமுன்பே தான் வேறு திசையில் போய்விடும்.

தாராவித் தோலும் சாலைத் தோலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்கள் தோல் பதனிடும் தொழிலால் வளர்த்த ஊர் தாராவி. பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் அகன்றுவிட்டனவாயினும், தோற்பொருள் தைக்கும் பட்டறைகளும் கடைகளும் இன்றும் அங்கே பிரசித்தம்; மோட்டார் சைக்கிளுக்கென்று அங்கே ஜாக்கெட் வாங்கச் செல்லும் இளைஞர்களும் பலர். அவர்கள் ஒரு பேதத்தை அறிந்துகொள்ள வேண்டும். மிருதுவான ஆட்டுத்தோலில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் தைக்கப்படும் ஜாக்கெட் சினிமாவுக்குப் போக உகந்தது. தார்ச்சாலையில் உராய்ந்து சறுக்கும்போது தாக்குப்பிடிப்பது, 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை கனமுள்ள மாட்டுத்தோல். தோல் எவ்வளவு உயர்ந்ததாயினும் தையல் ஒற்றையாக இருந்தால் முதலில் பிரிவது தையல்தான். ஆகவே தோளிலும் முழங்கையிலும் இரட்டைத் தையலும், உள்ளே காப்புப்பட்டை செருகுவதற்கான பையும் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். அந்தப் பட்டைகளில் இ.என். 1621 என்ற ஐரோப்பியத் தர எண் பொறித்திருப்பது விசேஷம்.

மும்பையின் வெக்கையில் தோலாடை தாங்காது என்போருக்கு, காற்றுப் புகும் வலைத்துணி ஜாக்கெட்டில் இதே காப்புப்பட்டைகள் வருகின்றன. அதுவும் கைக்கு எட்டாதவர், கையுறையையும் கணுக்காலை மூடும் காலணியையுமாவது தவிர்க்கலாகாது. விழுகிற மனிதன் தன்னிச்சையாக முதலில் நீட்டுவது உள்ளங்கையை என்பதால், செருப்பும் வெறுங்கையுமாக ஓட்டுவதன் பலனை மறுநாள் சோற்றைப் பிசையும்போது உணர்வான். 2018 முதல் மோட்டோ ஜிபி பந்தய வீரர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள காற்றுப்பை உடுப்பும் இந்தியச் சந்தைக்கு வந்திருக்கிறது. ஆனால் அதன் விலை நம் பிரயாணியின் பல மாத ஊதியத்தை விழுங்கிவிடும்.

மழைக்காலத்தில் பிரதானமானது, பிறர் கண்ணுக்குத் தெரிவது. சயான் மேம்பாலத்தில் மாலை மழை பிடித்துக்கொண்டால், கறுப்பு மழைக்கோட்டும் கறுப்புத் தலைக்கவசமும் அணிந்தவரை லாரி ஓட்டுநர் காண்பது அருகில் வந்த பிறகே. சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஒளி பிரதிபலிக்கும் நாடாவை முதுகிலும் தலைக்கவசத்தின் பின்புறத்திலும் ஒட்டிக்கொண்டால் வெகு தூரத்திலேயே காண்பார். தேங்கிய நீருக்கு அடியில் இருக்கும் பள்ளத்துக்கு மட்டும் எந்த உபகரணமும் கிடையாது. வேகத்தைக் குறைப்பதே கதி. 2015 ஜூலையில் ஜோகேஸ்வரி–விக்ரோலி இணைப்புச் சாலையில் அத்தகைய பள்ளம் ஒன்றுக்குத் தம் பதினாறு வயது மகனைப் பறிகொடுத்த காய்கறி வியாபாரி தாதாராவ் பில்ஹோரே, அன்று முதல் மும்பையின் பள்ளங்களைத் தம் கையாலேயே நிரப்பி வருகிறார். வண்டியை ஓட்டிய உறவுக்கார இளைஞர் தலைக்கவசம் அணிந்திருந்து உயிர் பிழைத்தார். பின்னால் அமர்ந்திருந்த சிறுவனிடம் அது இல்லை.

உடலோடு இருப்பதே உதவும்

இனி இரண்டாவது கடமை. முதலுதவிப் பெட்டியை வண்டியின் பக்கப்பெட்டியில் பூட்டி வைத்துச் சாவியை வண்டியிலேயே விட்டிருப்பவருக்கு, வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக விழுந்த பிறகு அந்தப் பெட்டியால் யாது பிரயோஜனம்? கைபேசியின் கதியும் அதுவே. வழி பார்ப்பதற்காகக் கைப்பிடியில் மாட்டப்பட்ட கைபேசி மோதலில் எங்கோ பறந்துவிடும். ஆதலால் தனியாகச் செல்பவர், உயிரோடு சம்பந்தப்பட்ட பொருள்களை வண்டியில் அன்று, உடலில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்புப் பையில் ஒரு கைபேசி. ரத்தம் பெருகினால் அழுத்திக் கட்டச் சுத்தமான காஸ் துணியும் முக்கோணக் கட்டுத் துணியும். மறுபையில் ஒரு விசிலும் சிறு டார்ச்சும். பஞ்சர் ஒட்டும் கருவி, காற்றடிக்கும் பம்பு, மாற்று பல்பு ஆகியவை வண்டியில் இருந்தால் போதும்.

இவை எல்லாவற்றிலும் மலிவானது ஓர் அட்டை. பெயர், ரத்த வகை, ஒவ்வாத மருந்து, நீரிழிவோ வலிப்போ இருந்தால் அந்த விவரம், அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் தேவநாகரியிலும் எழுதி, மழையில் நனையாமல் லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். செம்பூரில் விழுந்தவரைத் தூக்க வருபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை அல்லவா? பூட்டிய கைபேசியின் முகப்பிலேயே இவ்விவரங்கள் தெரியும்படி அமைத்துக்கொள்ளும் வசதியும் இப்போது இருக்கிறது. நீண்ட பிரயாணமாயின், எந்த ஊரை எத்தனை மணிக்குக் கடப்போம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி, குறித்த நேரம் தாண்டியும் தகவல் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல்நாட்டுப் பிரயாணிகள் பெரிதும் புகழும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியைக் குறித்து ஓர் எச்சரிக்கை. அரசின் முன் அனுமதியின்றி அதை இந்தியாவில் வைத்திருப்பது சட்டவிரோதம். விஷயம் அறியாமல் கொண்டுவந்து விமான நிலையங்களில் சிக்கிக்கொண்ட வெளிநாட்டார் உண்டு. நமக்குள்ள வழி 112 என்ற பொது அவசர எண். மகாராஷ்டிரத்தில் ஆம்புலன்ஸுக்கு 108. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033.

வழியில் நிற்பவர்

எல்லா உபகரணங்களையும் அணிந்த பிறகும், நினைவிழந்து கிடக்கும் தனிச் சவாரிக்காரரின் பிராணன் வழிப்போக்கர் ஒருவரின் மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. போலீஸ் விசாரணைக்கும் கோர்ட்டு வாசலுக்கும் அஞ்சி ஒதுங்கிப் போவது நெடுங்கால வழக்கம். அந்த அச்சத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. உதவி செய்பவர் தம் பெயரைக் கூடச் சொல்ல வேண்டியதில்லை என்ற நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வலிமையைக் கொடுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 134அ பிரிவு அதைச் சட்டத்திலேயே ஏற்றியது. சிகிச்சைச் செலவை எண்ணியும் தயங்க வேண்டாம்: 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்ச ரூபாய்க்கு உட்பட்டுக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு; விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நேர்ந்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் எந்த மாநிலத்தவருக்கும் உரியது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அருகிலேயே, கிழக்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில், விபத்துச் சிகிச்சையில் பேர்பெற்ற சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது.

உதவுபவர் அறிய வேண்டியது கொஞ்சமே. மூச்சு வந்துகொண்டிருக்கும்வரை தலைக்கவசத்தைக் கழற்ற முயல வேண்டாம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த நல்லெண்ணமே தீங்காக முடியும். மூச்சு அடைபட்டுக் கழற்றியே தீர வேண்டுமாயின், ஒருவர் கழுத்தை அசையாமல் தாங்க மற்றொருவர் மெல்லக் கழற்ற வேண்டும். முகக்கண்ணாடியைத் திறந்துவிடுங்கள், ரத்தம் பெருகும் இடத்தைத் துணியால் விடாமல் அழுத்துங்கள், தண்ணீர் புகட்டாதீர்கள்.

தனியாக வண்டி ஓட்டும் வாசகர்கள் அந்த அட்டையை இன்றே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தின் நாடாவைத் தெருமுனைக்குப் போவதானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். மற்ற வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சாலையோரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கவிழ்ந்து கிடப்பதைக் கண்டால், யாராவது பார்த்திருப்பார்கள் என்று எண்ணிக் கடந்து போகாமல், வண்டியை நிறுத்தி இறங்கி 108ஐ அழையுங்கள்.