அடைக்கலம் என்னும் பொறுப்பு: ஈழப்போர்க் காலத்தில் மடுத் திருத்தலமும் வடபுல ஆலயங்களும்

ஆய்வுச்சுருக்கம்

போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இலங்கையின் வடபுலக் கத்தோலிக்க ஆலயங்கள் அளித்த புகலிடத்தை ‘நிவாரணப் பணி’ என்ற தலைப்பின்கீழ்ப் பதிவு செய்வது வழக்கம். அதனை ‘அடைக்கலம்’ என்ற தமிழ்க் கருத்தாக்கத்தின் வழி அணுகினால், ஏற்றுக்கொண்டோரின் பொறுப்பும் அப்பொறுப்பு முறிந்த இடங்களும் துலக்கமாகும் என்பதை, மடுத் திருத்தலத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அடைக்கலம், இடப்பெயர்வு, மடு, மன்னார் மறைமாவட்டம், திறந்த நிவாரண நிலையம்.

முன்னுரை

அகதி என்னும் சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். அடைக்கலம் என்னும் சொல்லோ இருபொருள் உடையது. புகலிடம் என்பது ஒன்று. ஒருவர் காப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள் அல்லது ஆள் என்பது மற்றொன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இரண்டாம் பொருளே மேலோங்கி நிற்கிறது. மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதியவளான மாதரியிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டதை அறிந்த மாதரி தீயில் புகுந்ததும், கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததும் நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாகத் தெரியவருகின்றன. அடைக்கலம் பிழைத்தால் அதன் சுமை ஏற்றவரையும் ஒப்படைத்தவரையும் சேர்கிறது. ‘நிவாரணம்’ என்ற சொல்லில் இச்சுமை இல்லை. பொருளை வழங்கியவரின் கடமை வழங்கியதோடு முடிந்துவிடுகிறது.

தமிழ்க் கிறித்தவம் இச்சொல்லைத் தனதாக்கிக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. வீரமாமுனிவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடியது ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவைக் குறித்தே. யாழ்ப்பாணத்திலும் அடைக்கல மாதா ஆலயம் ஒன்று உண்டு. பலிபீடத்தின் அருகே வீடு கண்ட சிறு பறவையைப் பற்றிய திருப்பாடல் 84-ஐத் தமிழாக்கியோர் அப்பறவைக்கு இட்ட பெயரும் அடைக்கலான் குருவி என்பதே. எனவே, வடபுல ஆலயங்களில் போர்க்காலத்தில் நிகழ்ந்ததை இச்சொல்லால் அளப்பது வெளியிலிருந்து கொண்டுவந்த அளவுகோலால் அளப்பதாகாது.

அகதிகள் நிறுவிய தலம்

மன்னார் மாவட்டத்தின் காட்டுப்பகுதியில் அமைந்துள்ள மடுத் திருத்தலத்தின் தோற்றமே இடப்பெயர்வோடு தொடர்புடையது. 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். மாந்தையைச் சேர்ந்த 20 குடும்பங்கள் தம் ஆலயத்து மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு 1670-இல் மருதமடுக் காட்டுக்குள் புகுந்தன என்பது தலமரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பியோடி வந்தோரும் பின்னர் அவர்களோடு இணைந்தனர். சொரூபமும் அதனைச் சுமந்தவர்களும் ஒருங்கே அகதிகளாக இருந்த நிலையிலிருந்து வளர்ந்த தலம் இது.

ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் தமிழரும் சிங்களரும், கத்தோலிக்கரும் பிற சமயத்தாரும் இங்குத் திரள்கின்றனர். வருவோர் ஒருநாளில் திரும்புவதில்லை. மரநிழலிலும் கிடுகுக் குடில்களிலும் கூடாரங்களிலும் யாத்திரிகர் விடுதிகளிலும் குடும்பத்தோடு பல நாள் தங்கி, தாமே சமைத்து உண்பர். பெருந்திரளான குடும்பங்களை ஒரே வேளையில் தங்கவைக்கும் பழக்கம் இத்தலத்திற்குப் போருக்கு முன்பே இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பரந்த ஆலயக் காணி, நீர்நிலை, விறகு தரும் காடு, அந்நியரை அந்நியராக எண்ணாத வழக்கம் ஆகிய அனைத்தும் வழிபாட்டின் பொருட்டு அமைந்தவை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஓடிவந்த குடும்பங்கள் யாத்திரிகர் தங்கிய அதே இடங்களில் தங்கின. திருவிழா முடிந்ததும் கலையும் குடில்கள் இம்முறை ஆண்டுக்கணக்கில் நின்றன.

அவ்வாண்டில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் மடுவிலும் மன்னார்த் தீவின் பேசாலையிலும் ‘திறந்த நிவாரண நிலையங்கள்’ என்னும் அமைப்பை உருவாக்கியது. மக்கள் தம் விருப்பப்படி வரலாம், போகலாம்; அங்கிருக்கும்வரை ஓரளவு பாதுகாப்போடு உதவி பெறலாம் என்பது அதன் அடிப்படை. எல்லை கடந்த அகதிகளுக்கென அமைந்த நிறுவனம் நாட்டிற்குள்ளேயே இடம்பெயர்ந்தோருக்குக் காப்பளிக்க முன்வந்தது அக்காலத்தில் புதுமுயற்சியாகவே கருதப்பட்டது. அரசும் விடுதலைப் புலிகளும் மதித்து நடப்பர் என்னும் நம்பிக்கையே அதற்கு அரணாயிற்று. அந்நம்பிக்கை, தலத்தின் மீது இருதரப்பு மக்களும் கொண்டிருந்த பக்தியிலிருந்து பெருமளவு கடனாகப் பெறப்பட்டது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மன்னார் மறைமாவட்டத்தின் சமூகப்பணி அமைப்பான வாழ்வுதயமும் இம்மக்களிடையே பணியாற்றியது.

இவ்வடைக்கலத்தின் எல்லையையும் மறைத்தல் ஆகாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் முஸ்லிம்களை அவர்தம் மண்ணிலேயே நிறுத்தும் வலிமை இதற்கு இருக்கவில்லை.

முறிந்த இடங்கள்

1995 ஜூலை 9 அன்று, வலிகாமத்தில் தொடங்கிய இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி நவாலி புனித பேதுரு ஆலயத்திலும் அதன் சூழலிலும் தங்கியிருந்தோர் மீது விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மடுவில் 1999 மார்ச்சில் இராணுவம் நுழைந்தது. அவ்வாண்டு நவம்பரில் புலிகள் அப்பகுதியை மீளக் கைப்பற்ற முனைந்தபோது, 20-ஆம் நாள் ஆலய வளாகத்தில் விழுந்த எறிகணைகளால் தஞ்சம் புகுந்திருந்தோருள் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். இருதரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின.

2006 ஆகஸ்ட் 13 அன்று அல்லைப்பிட்டி புனித பிலிப்புநேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் எறிகணை வீச்சுக்கு உள்ளாயினர். காயமுற்றோரைக் காக்கப் போராடிய பங்குத்தந்தை ஜிம் பிரவுன் அடிகளார் ஒரு வாரத்திற்குப் பின், ஆகஸ்ட் 20 அன்று, உடன்சென்றவரோடு காணாமலாக்கப்பட்டார். இறுதியாக அவர் காணப்பட்டது கடற்படைச் சோதனைச் சாவடி ஒன்றின் அருகே. மாதரியின் தீயும் இந்நிகழ்வும் ஒன்றல்ல. மாதரி தானே தேர்ந்தாள், இவருக்கு அது இழைக்கப்பட்டது. ஆயினும் ஏற்றவர் தப்பி நிற்பதில்லை என்னும் பழைய புரிதலுக்குள் இவரையும் வைத்தே எண்ண வேண்டியுள்ளது. நிவாரணப் புள்ளிவிவரங்களில் இத்தகைய ஒருவருக்கு இடமில்லை.

2008 ஏப்ரல் தொடக்கத்தில் போர்முனை நெருங்கியபோது, மடு மாதா சொரூபம் தேவன்பிட்டி ஆலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அப்போது மன்னார் ஆயராக இருந்தவர் இராயப்பு ஜோசப் ஆண்டகை. சொரூபம் அவ்வாண்டு ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. வன்னி மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தனர்.

2009-இல் வலைஞர்மடம் ஆலயத்தில் நிகழ்ந்தது வேறு வகையானது. ஏப்ரல் நடுப்பகுதியில் அங்கிருந்து நூற்றுக்கணக்கான இளையோரை விடுதலைப் புலிகள் கட்டாயமாகப் படைக்குப் பிடித்துச் சென்றதை, ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. எறிகணை குறிதவறியது என்று சொல்லித் தப்பிக்க இடமுண்டு. வாயிலைக் கடந்து வந்து பிள்ளைகளைப் பிரித்தெடுத்தவர்களுக்கு அந்த இடமும் இல்லை. வடபுல அடைக்கலத்தை எழுதும் ஆய்வாளர் நவாலியையும் வலைஞர்மடத்தையும் ஒரே கட்டுரையில் எழுத வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் எழுதுவது, அவ்விரு இடங்களிலும் ஒப்படைக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் இரண்டாம் பிழை.

சான்றுகள் குறித்து

இத்துறையில் மேலும் ஆய்வு செய்வோர்க்குப் பங்குப் பதிவேடுகள் முதன்மைச் சான்றாகலாம். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பங்குதோறும் பதிவு செய்தல் திருச்சபைச் சட்டப்படி கட்டாயம். குடும்பம் எந்த ஊரினது, குழந்தைக்கு எந்த ஆலயத்தில் திருமுழுக்கு நடந்தது என்னும் இரண்டையும் ஒப்பிட்டால் இடப்பெயர்வின் தடத்தை ஊர் ஊராகத் தொடரலாம். போரில் அழியாது எஞ்சிய ஏடுகளைப் படியெடுத்துக் காப்பது உடனடித் தேவை. ஆனால் அதே வளாகத்தில் தங்கிய இந்துக் குடும்பங்கள் அவ்வேடுகளில் இடம்பெறமாட்டா. அவர்களுடைய நினைவுகளை நேரிற் சென்று கேட்டே பதிவு செய்ய இயலும். 1990-இல் குழந்தைகளோடு மடுவுக்கு நடந்து வந்த தாய்மார் இப்போது முதுமையில் இருக்கின்றனர்.