நீரின் நிலை கூறும் தட்டான்கள்

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது சிற்றூர்களில் வழங்கும் நம்பிக்கை. மழையைப் பற்றி அது கூறுவது எவ்வாறாயினும், தான் வாழும் குளம், ஓடை, வயல் ஆகியவற்றின் நிலையை அது தெளிவாகவே அறிவிக்கிறது. அதன் இளம்பருவம் நீருக்குள் கழிவதே இதற்குக் காரணம். நீர்நிலைகளைப் புதுப்பிக்கப் பெருந்தொகை செலவிடப்படும் இந்நாளில், அதிகச் செலவின்றிக் கிடைக்கும் இந்த அளவுகோலை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் நன்று.

பிரிவுகள்

ஓடொனேட்டா என்னும் இவ்வரிசையில் உலகெங்கும் 6,000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியாவில் ஏறத்தாழ 500 இனங்கள் காணப்படுகின்றன. இவற்றை முறைப்படி விவரித்தவர் இராணுவ மருத்துவராயிருந்த எஃப். சி. ஃபிரேசர். 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவரது நூல் இன்றும் இத்துறைக்கு அடிப்படையாகும்.

தட்டான்கள் பருத்த உடலும் பெரிய கண்களும் உடையவை. அமரும்போது இறகுகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்கள் மெலிந்தவை. அவற்றின் கண்கள் தலையின் இருபுறமும் விலகி அமைந்திருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை இறகுகளை முதுகின்மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். டார்ஜிலிங் மலை ஓடைகளில் வாழும் எப்பியோஃப்ளேபியா லெய்ட்லாவி இவ்விரண்டின் கூறுகளையும் கொண்ட பழைய மரபின் எச்சம். அதன் இளம்பருவம் பல ஆண்டுகள் நீடிக்கிறது.

குடும்பங்களும் வாழிடங்களும்

நாம் அன்றாடம் காண்பவற்றுள் மிகுதியானவை லிபெல்லுலிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. வயலோரத்தில் செந்நிறமாய்த் தோன்றும் ஆண் குரோக்கோதெமிஸ் செர்விலியா, கருங்கல் போன்ற புள்ளிகளுடன் சுவரில் ஒட்டியிருந்து சிமெண்டுத் தொட்டிகளிலும் இனம்பெருக்கும் பிராடினோபைகா ஜெமினேட்டா ஆகியவை இதில் அடங்கும். மழைநீர்த் தேக்கங்களில் வளரும் பேன்டாலா ஃப்ளேவெசன்ஸ் மாலத்தீவுகள் வழியே இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா செல்வதாக 2009இல் வெளியான சார்லஸ் ஆண்டர்சனின் ஆய்வு எடுத்துக்காட்டியது.

கோம்பிடே குடும்பத்தவை கருமையும் மஞ்சளும் கலந்த பட்டைகள் உடையவை. இவற்றின் இளவுயிரிகள் ஆற்றுப்படுகையின் மணலிலும் வண்டலிலும் புதைந்து வாழும். ஆதலின் மணலை அள்ளும்போது அவற்றின் இருப்பிடமும் அழிகிறது. ஏஷ்னிடே குடும்பத்தின் பெரிய தட்டான்கள் நீர்த்தாவரத் திசுக்களுக்குள் முட்டையிடும். ஊசித்தட்டான்களும் அவ்வாறே. கரைத்தாவரங்களை அகற்றினால் இவற்றிற்கு முட்டையிட இடமில்லை. ஊசித்தட்டான்களுள் காலோப்டெரிஜிடே குடும்பத்தைச் சேர்ந்த நியூரோபேசிஸ் சைனென்சிஸ், பளபளக்கும் பச்சை இறகுகளுடன் ஓடும் நீரையே நாடும். பிளாட்டிஸ்டிக்டிடே குடும்பத்தவை மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழல் செறிந்த ஓடைகளில் வாழ்பவை. சில இனங்கள் வேறெங்கும் இல்லாதவை.

எண்ணிக்கை மட்டும் போதாது

தட்டான்கள் மிகுந்திருப்பதாலேயே நீர் தூயது என முடிவு செய்தல் தவறு. ஆரஞ்சு நிறமுடைய பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா, கழிவுநீர் கலந்த குளங்களிலும் பெருந்திரளாகப் பறக்கும். எத்தனை பறக்கின்றன என்பதைவிட, எவை பறக்கின்றன என்பதே கேள்வியாதல் வேண்டும்.

கொசு ஒழிப்பிலும் இவற்றின் பங்கை மிகைப்படுத்தலாகாது. தட்டானின் இளவுயிரி கொசுப்புழுக்களை உண்கிறது. யாங்கோன் நகர வீடுகளின் நீர்க்கலங்களில் குரோக்கோதெமிஸ் செர்விலியாவின் இளவுயிரிகளை விட்டு, ஏடிஸ் கொசுவைக் கட்டுப்படுத்திய சோதனை 1990இல் வெளியிடப்பட்டது. எனினும் அது மக்களின் ஒத்துழைப்புடன் மீண்டும் மீண்டும் செய்யப்பட்ட முயற்சியாகும். நீர்க்கலங்களை மூடிவைத்தல், தேங்கிய நீரை அகற்றுதல் ஆகியவற்றிற்கு அது மாற்றாகாது.

செய்யத்தக்கது

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021இல் 6,016 இனங்களை மதிப்பிட்டு, அவற்றுள் 16 சதவீதம் அழியும் அபாயத்தில் உள்ளதாக அறிவித்தது. ஈரநிலங்களின் சீரழிவே இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது.

ஒரு குளத்தைத் தூர்வாருமுன் அங்குள்ள தட்டான் இனங்களைப் பட்டியலிட்டு, பணி முடிந்தபின் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பருவத்தில் மீண்டும் பட்டியலிடலாம். இதனை அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் மாணவர்களே செய்ய இயலும். கரையின் ஒரு பகுதியையேனும் சிமெண்டு பூசாமல் தாவரங்களுடன் விட்டுவைப்பது திட்டத்தின் ஓர் அங்கமாதல் வேண்டும். எத்தனை கன மீட்டர் மண் அகற்றப்பட்டது என்னும் கணக்கோடு, எத்தனை இனங்கள் திரும்பி வந்தன என்னும் கணக்கும் சேருமாயின், செலவிட்ட பணத்தின் பயன் முழுமையாக விளங்கும்.